உதடு முன்னே, குரல் பின்னே: லினக்ஸும் ப்ளூடூத் ஸ்பீக்கரும் 30 வருஷக் கதை

சென்னிமலையிலிருந்து பேசுறேன். இன்னிக்கு எபிசோடு ஒரு சின்ன எரிச்சலைப் பத்தினது. லினக்ஸ் போட்ட லேப்டாப்ல ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைச்சுப் படம் பார்க்கிறீங்க. ஹீரோ வாயை மூடின பிறகு வசனம் வருது. பாட்டு போட்டா நடுநடுவுல ‘டப்’, ‘பட்’னு வெடிக்குது. அதே ஸ்பீக்கரை ஃபோன்ல இணைச்சா ஒரு குறையும் இல்லை. உடனே நாம சொல்ற தீர்ப்பு, “லினக்ஸ் இதுக்கெல்லாம் ஆகாதுங்க.”

அந்தத் தீர்ப்பு சரியான்னு பார்க்க 1992 வரைக்கும் பின்னாடி போகணும். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். தாமதமும் வெடிப்பும் ரெண்டு தனித்தனி நோய் மாதிரி தெரியும். உண்மையில ரெண்டும் ஒரே கேள்வியிலிருந்து வருது: ஒலியை எவ்வளவு நேரம் பிடிச்சு வச்சிருந்து அனுப்பறது? அந்த முடிவை யார் எடுக்கறாங்க, எடுத்ததை அடுத்தவங்களுக்கு உண்மையாச் சொல்றாங்களா என்பதுதான் லினக்ஸ் ஆடியோவோட வரலாறே.

நம்ம ஊர்ல இது ஏன் முக்கியம்? 2006, 2007 வாக்கில், சி. உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்து ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. அதாவது நம்ம பக்கத்து கிராமங்களில் முதல் தலைமுறையாகக் கணினி தொட்ட எத்தனையோ பிள்ளைகளின் வீட்டுக்கு லினக்ஸ் அப்பவே வந்திருச்சு. அந்த லேப்டாப்களில் சில இன்னிக்கும் தம்பி தங்கச்சிகள் கையில் ஓடிட்டிருக்கு. புது விண்டோஸ் அதில் ஓடாது; எடை குறைந்த லினக்ஸ் ஓடும். ஆனா பழைய லேப்டாப்போட ஸ்பீக்கர் போயிருந்தா, 800 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி இணைக்கிறோம். ஆன்லைன் வகுப்பில் குரலும் கரும்பலகையும் ஒட்டாமல் போனால், அந்த மெஷின் பரண் மேல ஏறிடும். ஒலிக் கோளாறுக்காக ஒரு கணினியே வீணாகுது. அதனாலதான் இந்த எபிசோடு.

தாரும் பஃபரும்

சென்னிமலைக்காரங்களுக்கு இதை தறியை வச்சே சொல்லிடலாம். தறியில ஓடற நாடாவுக்குள்ள தார் இருக்கும். ஊடை நூல் அந்தத் தாரிலிருந்துதான் அவிழும். நூல் தீர்ந்தது தெரியாமல் தறி ஓடினால் துணியில் இடைவெளி விழும். அதுக்காகத்தான் நூல் தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த தாரைச் சுத்தித் தயாரா வச்சிருப்பாங்க.

கணினியில் ஒலியும் இப்படித்தான் போகுது. ஒரு விநாடிக்கு 48,000 மாதிரி எண்களை சவுண்ட் கார்டு கேட்டுக்கிட்டே இருக்கும். ஆனா ப்ராசஸருக்கு வேற ஆயிரம் வேலை இருக்கு. அதனால எண்களைக் கொத்தாக முன்கூட்டியே சேர்த்து வைப்பாங்க. அந்தச் சேமிப்புக்குப் பேர் பஃபர். அதில் 1,024 எண்கள் வச்சா சுமார் 21 மில்லி விநாடி ஒலி கையிருப்பு. 4,800 வச்சா 100 மில்லி விநாடி.

கையிருப்பு தீர்ந்துபோச்சுன்னா? தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுக்கலாம், பாட்டை நிறுத்த முடியாது. ஒலி அலை பாதியில் சட்டுனு அறுந்து விழும். அந்த அறுப்புதான் ‘டப்’. இதை அண்டர்ரன் என்பார்கள். சரி, பெரிய பஃபரா வச்சிடலாமேன்னா, அந்தக் கையிருப்பு முழுசும் தீர்ந்த பிறகுதான் இப்ப உருவான ஒலி வெளியே வரும். அது தாமதம். எச்சரிக்கை அதிகமானா தாமதம், குறைஞ்சா வெடிப்பு. இதுக்கு நடுவுல ஒரு இடம் தேடித்தான் 30 வருஷமா எல்லாரும் அலையறாங்க.

ஒரு நேரத்தில் ஒரு ஆள்

1992-இல் ஃபின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனன் லினக்ஸுக்கு ஒலி டிரைவர் எழுதினார். அதுதான் பின்னாளில் ஓஎஸ்எஸ் என்று அறியப்பட்டது. அந்தக் காலத்துச் சாதாரண கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் சவுண்ட் கார்டைப் பிடிக்க முடியும். பாட்டு ஓடும்போது மெசேஜ் வந்த சத்தம் கேட்காது. பதிலுக்கு ஒரு நன்மையும் இருந்தது: நடுவுல யாரும் இல்லை. நிரல் நேரா கார்டோடு பேசியது.

1998-இல் செக் நாட்டைச் சேர்ந்த யாரொஸ்லாவ் கிசேலா அல்சா திட்டத்தைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு அதுவே லினக்ஸின் அதிகாரபூர்வ ஒலி அமைப்பாச்சு. இன்னிக்கும் உங்க லேப்டாப்பின் அடித்தளத்துல இருக்கிறது அல்சாதான். ஆனா பல நிரல்களின் ஒலியைக் கலக்கறது, பாதிப் பாட்டுல ஹெட்ஃபோனிலிருந்து ஸ்பீக்கருக்கு மாத்தறது, இதெல்லாம் அதோட இயல்பான வேலை இல்லை. அதுக்கு மேல ஒரு நடுவர் தேவைப்பட்டார்.

அந்த நடுவர் பல்ஸ்ஆடியோ. லென்னார்ட் பொட்டரிங் 2004-இல் வேறொரு பெயரில் தொடங்கினார். 2006-இல் இந்தப் பெயர் வந்தது. 2007 நவம்பரில் ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 இதை எல்லார் கணினிக்கும் கொண்டுபோச்சு. அந்த வருஷங்கள்ல லினக்ஸ் பயன்படுத்தினவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பல்ஸ்ஆடியோ பேரைச் சொன்னாலே முகம் சுளிப்பாங்க. எங்க பார்த்தாலும் கரகரப்பு, வெடிப்பு.

ஆனா காரணம் கொஞ்சம் வித்தியாசமானது. பல்ஸ்ஆடியோ 2008 வாக்கில் ஒரு புத்திசாலித்தனமான வழியைக் கொண்டுவந்தது. பாட்டு மட்டும் ஓடினா பெரிய பஃபரா, 2 விநாடி வரைக்கும் நிரப்பி வச்சுக்கிட்டு ப்ராசஸரைத் தூங்க விடலாம், பேட்டரி மிச்சம். திடீர்னு புதுச் சத்தம் வந்தா, இன்னும் வாசிக்காத பகுதியைத் திரும்ப எழுதிக்கலாம். இதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. சவுண்ட் கார்டு இந்த நொடி எந்த எண்ணை வாசிச்சிட்டிருக்குன்னு டிரைவர் சரியாச் சொல்லணும். பல டிரைவர்கள் தப்பாச் சொன்னது. அதுவரைக்கும் யாரும் அவ்வளவு துல்லியமாக் கேட்டதே இல்லை. அதனால பிழை வெளியே தெரியலை. கேட்டவன் மேல பழி விழுந்தது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒவ்வொரு டிரைவராத் திருத்தினாங்க. பல்ஸ்ஆடியோவைப் பராமரித்தவர்களில் ஃபின்லாந்தின் தனு காஸ்கினன், நம்ம நாட்டின் அருண் ராகவன் இருவரும் முக்கியமானவர்கள். இன்னிக்கு நம்ம லேப்டாப் சத்தம் போடறதுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஆட்களோட பொறுமை இருக்கு.

கேபிளுக்குப் பதிலா வந்தவன்

இனி ப்ளூடூத். இது இசைக்காகப் பிறந்ததே இல்லை. 1994-இல் சுவீடனின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் தொடங்கிய வேலை, சாதனங்களுக்கு நடுவுல இருக்கிற கேபிளை ஒழிக்கறதுக்காக. 1998-இல் எரிக்சன், இன்டெல், ஐபிஎம், நோக்கியா, தோஷிபா ஐந்தும் சேர்ந்து கூட்டமைப்பு உருவாச்சு. அப்ப நினைச்சது ஃபோன் பேச்சுக்கான ஹெட்செட்தான்.

சிடி தரத்தில் ஸ்டீரியோ இசைக்கு ஒரு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேணும். முதல் தலைமுறை ப்ளூடூத்தின் மொத்த வேகமே 1 மெகாபிட். அதனால இசையைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். இசைக்கான விதிமுறை, ஏ2டிபி, 2003-இல் வந்தது. அதில் எல்லாச் சாதனமும் கட்டாயம் புரிஞ்சுக்க வேண்டிய சுருக்க முறை எஸ்பிசி. அதன் உயர்தர அளவு 328 கிலோபிட்.

சேர்ந்துக்கிட்டே போற தாமதத்தைப் பாருங்க. லேப்டாப் ஒலியைச் சேர்த்து, சுருக்கி, பாக்கெட்டாக் கட்டி அனுப்புது. காத்து வழியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை. அதே பட்டையில் வைஃபை, மைக்ரோவேவ் அவன் எல்லாம் இருக்கு. ப்ளூடூத் 79 சானல்களில் விநாடிக்கு 1,600 தடவை தாவித் தாவிப் போகுது. பாக்கெட் தொலைஞ்சா திரும்ப அனுப்பணும். அதுக்கு நேரம் வேணும்னு ஸ்பீக்கரும் தன் பங்குக்கு ஒரு பஃபர் வச்சுக்குது. எல்லாம் சேர்ந்து 100-லிருந்து 300 மில்லி விநாடி வரை சாதாரணமா ஆகும்.

இது எவ்வளவுன்னு தெரியணும்னா, நம்ம தைப்பூசத் தேரை நினைச்சுக்கோங்க. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி நின்னு தவில்காரரோட கையைப் பார்த்தா, அடி விழுந்து 200 மில்லி விநாடி கழிச்சுத்தான் காதுக்கு வரும். கூட்டத்துல அது உறுத்தாது. ஆனா பக்கத்துல இருக்கிற திரையில் உதடு அசையறப்ப உறுத்தும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு 125 மில்லி விநாடிக்கு மேல பிந்தினா மனுஷன் கண்டுபிடிச்சிடுவான். முந்தினாலோ 45 போதும். இயற்கையில் ஒலி பிந்தி வர்றதைத்தான் நாம் பார்த்திருக்கோம். முந்தி வந்து பார்த்ததே இல்லை.

சரி, ஃபோன்ல ஏன் தெரியலை? அங்கயும் ஒலி தாமதமாத்தான் வருது. வீடியோ ஆப், அந்தத் தாமதம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு, படத்தையும் அதே அளவுக்குப் பிடிச்சு வச்சுக் காட்டுது. லினக்ஸ் ப்ளேயர்களும் இதையேதான் செய்யுது. ஆனா கீழிருந்து வர்ற எண் உண்மையா இருந்தாத்தான் படம் ஒட்டும். ஸ்பீக்கர் தன் தாமதத்தைத் தானே சொல்ற வசதி ப்ளூடூத்தில் பிற்பாடுதான் வந்தது. அதுவும் எல்லா மலிவு ஸ்பீக்கரும் சொல்றதில்லை. சொல்லாதப்ப கணினி உத்தேசமா ஒரு எண்ணை வச்சுக்குது. உத்தேசம் தப்பினா உதடு தப்புது.

லினக்ஸ் பக்கம் இன்னொரு முடிச்சு இருந்தது. ப்ளூடூத்துக்கான மென்பொருள் ப்ளூ-இசட், 2001-இல் கெர்னலுக்குள் வந்தது. 2012 டிசம்பரில் அதன் 5-ஆம் பதிப்பு வந்தபோது, ஒலி வேலையை முழுசா மேல இருக்கிற ஒலிச் சர்வருக்குத் தள்ளிட்டாங்க. பல்ஸ்ஆடியோ 2014-இல் அதுக்கு ஈடு கொடுத்தது, அதுவும் முதல்ல இசைக்கு மட்டும். அப்புறமும் பல வருஷம் எஸ்பிசி ஒண்ணுதான். ஏஏசி, ஆப்ட்எக்ஸ் போன்ற முறைகளுக்கு காப்புரிமையும் உரிமக் கட்டணமும் இருந்தது. இலவசமாத் தர்ற மென்பொருள் அதை எப்படிச் சேர்க்கும்? 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தப்ப சோனி தன் எல்டாக் முறையின் அனுப்பும் பக்கத்தைத் திறந்த மூலமாக் கொடுத்தது. அந்தக் கதவு வழியாத்தான் பின்னாடி லினக்ஸுக்கும் வந்தது. 2021 ஜூலையில் வந்த பல்ஸ்ஆடியோ 15-இல் எல்டாக், ஆப்ட்எக்ஸ் இரண்டும் சேர்ந்தன. அதுவரை ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் இருந்த தர வித்தியாசத்தில் ஒரு பங்கு பொறியியல் சார்ந்தது இல்லை, யார் எதுக்குச் சொந்தக்காரர் என்பது சார்ந்தது.

பைப்வயர்

இந்த நேரத்துக்குள்ள ரெட் ஹேட்டில் இருந்த விம் டெய்மன்ஸ், வீடியோவுக்காகத் தொடங்கின ஒரு திட்டத்தை ஒலிக்கும் விரிச்சுட்டார். அதுதான் பைப்வயர். இசைக் கலைஞர்கள் குறைந்த தாமதத்துக்காக ஜேக் என்று தனியா ஒரு சர்வர் வச்சிருந்தாங்க. சாதாரண ஆட்களுக்கு பல்ஸ்ஆடியோ. பைப்வயர் ரெண்டு பேருக்கும் ஒரே வீடு கட்டியது. பழைய நிரல்கள் எதையும் மாத்தத் தேவையில்லை. அவை பல்ஸ்ஆடியோவோடு பேசறதா நினைச்சுக்கும். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 இதற்கு மாறின. 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது.

முக்கியமான விஷயம், பஃபர் அளவை நிரலின் தேவையைப் பார்த்து ஓடும்போதே மாத்தும். பாட்டு ரெக்கார்ட் பண்றவருக்குச் சின்னது, படம் பார்க்கிறவருக்குப் பெரிசு. 1992-இல் ஒரு நிரல் தனியா எடுத்த முடிவை, இப்ப எல்லாரையும் கேட்டு ஒரு நடுவர் எடுக்குது.

சரி, இப்ப என்ன செய்யறது?

வரலாறு தெரிஞ்சா எந்த அடுக்கில் கோளாறுன்னு ஊகிக்கலாம். நான் பார்க்கிற வரிசை இது.

முதல்ல, எப்ப வெடிக்குது? அமைதிக்கு அப்புறம் சத்தம் தொடங்கும்போது மட்டும்னா, அது தூக்கக் கலக்கம். 5 விநாடி சத்தம் இல்லைன்னா ஒலிச் சாதனத்தை லினக்ஸ் தூங்க வச்சிடும். எழுப்பும்போது ஒரு ‘டப்’, இல்லைன்னா முதல் சொல் காணாமப் போகும். வயர்ப்ளம்பர் அமைப்புல அந்த 5-ஐ 0 ஆக்கினா தூங்காது.

பாட்டு நடுவுல வெடிச்சா, லேப்டாப்பை ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் பக்கத்துல கொண்டுவாங்க. நின்னுடுச்சுன்னா காத்து வழிப் பிரச்சினை. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் பக்கத்துல ப்ளூடூத் டாங்கிள் இருந்தா பிரிச்சு வைங்க. யுஎஸ்பி 3 போடற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும். எல்டாக் மாதிரி அதிக பிட் கேட்கிற முறையில் இருந்தா எஸ்பிசிக்கு இறங்குங்க. தரம் கொஞ்சம் குறையும், வெடிப்பு நிக்கும்.

பக்கத்துல வச்சும் வெடிக்குது, பிரவுசர்ல டேப் திறந்தா கூடுதுன்னா அண்டர்ரன். பைப்வயர் கூடவே வர்ற பிடபிள்யூ-டாப் கருவியில் பிழை எண்ணிக்கை ஏறறது தெரியும். பஃபரை 1,024-லிருந்து 2,048 ஆக்கிப் பாருங்க.

ஒலி திடீர்னு பழைய ரேடியோ மாதிரி ஆயிடுச்சா? ஏதோ ஒரு மீட்டிங் ஆப் மைக்கைத் திறந்து, இணைப்பு இசை முறையிலிருந்து ஹெட்செட் முறைக்கு மாறியிருக்கு. அமைப்புல திரும்ப இசை முறைக்கு மாத்துங்க. பேச லேப்டாப் மைக்கைப் பயன்படுத்துங்க.

தாமதத்துக்கு: வால்யூம் கன்ட்ரோல் கருவியில், அவுட்புட் பகுதியில் ‘அட்வான்ஸ்ட்’ திறந்தா தாமதத் திருத்தம் இருக்கும். அங்க 150, 200 என்று எழுதிப் பார்த்து, கைதட்டற வீடியோ ஒண்ணைப் போட்டு ஒட்டற இடத்துல நிறுத்துங்க. ஸ்பீக்கர் சொல்லாத உண்மையை நீங்க அதுக்குப் பதிலாச் சொல்றீங்க, அவ்வளவுதான். ஒரே ஒரு படத்துக்கு மட்டும்னா விஎல்சியில் ஜே, கே விசைகளே போதும். ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி நகரும்.

கேம் ஆடறதுக்கும் கீபோர்டு வாசிக்கறதுக்கும் இந்த மருந்து வேலை செய்யாது. அங்க படத்தைப் பிடிச்சு வைக்க முடியாது, ஏன்னா அடுத்து என்ன நடக்கும்னு விரல்தான் முடிவு பண்ணுது. வயர் போட்டுக்கோங்க. இந்த எபிசோடை நான் எடிட் பண்றதும் வயர் ஹெட்ஃபோனில்தான்.

அடுத்து வர்றது எல்ஈ ஆடியோ. அதன் விதிமுறைகள் 2022-இல் முடிந்தன. எஸ்பிசிக்குப் பதில் எல்சி3 என்ற புது முறை. குறைஞ்ச பிட்டில் நல்ல ஒலி, தாமதமும் குறைவு. எவ்வளவு நேரம் கழிச்சு வாசிக்கணும்னு ரெண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கறது அதோட வடிவமைப்பிலேயே இருக்கு. லினக்ஸ் பக்கம் அதுக்கான வேலை நடந்துக்கிட்டிருக்கு. 2008-இல் டிரைவர்கள் செய்யாமல் விட்டது எதுவோ, அதை இந்தத் தடவை முதல் நாளிலிருந்தே விதியா எழுதியிருக்காங்க.

உங்க ஸ்பீக்கர் எத்தனை மில்லி விநாடி திருத்தத்துல ஒட்டுச்சுன்னு மாடலோடு எழுதி அனுப்புங்க. அந்த எண்ணை நாலு பேருக்குத் தெரியற மாதிரி வச்சா, அடுத்து அதே ஸ்பீக்கரை வாங்கறவர் ஊகிக்க வேண்டியதில்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம். வர்றேனுங்க.